அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்

கேள்வியின் சுருக்கம் இது: "அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. உயில் எழுதவில்லை. ஊரில் அவர் சொந்தமாகக் கிரயம் வாங்கிய வீடு ஒன்று, 1 ஏக்கர் 60 சென்ட் நஞ்சை. அண்ணன் குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறது, அம்மாவும் அங்கேதான். நான் சென்னையில், தங்கச்சி திருப்பூரில். 'எட்டு வருஷம் அப்பாவைப் பார்த்தது நான், வீடு எனக்கு. நிலத்தை நீயும் நானும் பிரிச்சுக்கலாம். தங்கச்சிக்கு நாற்பது பவுன் போட்டாச்சு' என்கிறார் அண்ணன். தங்கச்சி விஷயத்தில் அவர் சொல்வது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. வீட்டு விஷயத்தில் இல்லை. போன தீபாவளிக்கு வாய்த்தகராறு ஆகிவிட்டது, அதிலிருந்து பேச்சு இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா, இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாமா? பேசுவதென்றால் என்ன பேசுவது?"

நான் வக்கீல். நோட்டீஸ் எழுதிச் சம்பாதித்தவன், பிறகு சமரசர் பயிற்சி எடுத்து இப்போது இரண்டு வேலையும் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நோட்டீஸ் இப்போது வேண்டாம்.

பாகப்பிரிவினை நோட்டீஸ்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். "எமது கட்சிக்காரர் பலமுறை நேரில் கேட்டும் தாங்கள் கெட்ட எண்ணத்துடன் பாகம் பிரித்துத் தர மறுத்து வருகிறீர்கள்." அதை எழுதுகிற வக்கீலுக்கு உங்கள் அண்ணன் மேல் ஒரு கோபமும் கிடையாது. போன வாரம் வேறொருவருக்கு அடித்ததில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றியிருப்பார், அவ்வளவுதான். உங்கள் அண்ணனுக்கு அது தெரியாது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, அண்ணியும் கேட்கும்படி சத்தமாகப் படிப்பார். "கெட்ட எண்ணத்துடன்" என்ற இடம் வரும்போது அதைத் தம்பியின் குரலில்தான் கேட்பார். மறுநாள் அவர் ஒரு வக்கீலைப் பார்ப்பார். பதில் நோட்டீஸில் நீங்கள் அப்பாவின் கடைசிக் காலத்தில் எட்டிக்கூடப் பார்க்காதவர் என்று ஒரு பத்தி வரும். அதுவும் படிவத்தில் உள்ளதுதான். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் மற்றவர் எழுதாத சொற்களுக்காகச் சண்டை போட ஆரம்பிப்பீர்கள்.

மூன்று வருடம் போய்விட்டதே, உரிமை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். போகாது. கூட்டாக உரிமையுள்ள சொத்தில் ஒருவர் குடியிருந்தால் எல்லோருக்காகவும் இருக்கிறார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் உரிமையை அவர் வெளிப்படையாக மறுத்து, ஒதுக்கி வைத்து, அப்படியே 12 வருடம் அனுபவித்தால்தான் அந்தப் பேச்சே வரும். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் இருந்த இடத்திலிருந்தே இணையத்தில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது, வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது. எதுவும் மாறவில்லை என்றால் நிதானமாக இருக்கலாம். வெளியாளுக்கு விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டார், பொய்யாக ஒரு உயில் வந்திருக்கிறது, அடிதடி மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் நான் சொல்லப்போகிற எதுவும் பொருந்தாது. அன்றைக்கே வக்கீலைப் பார்த்து, வழக்குப் போட்டு, தடை உத்தரவு கேளுங்கள். உங்கள் கதையில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, பேசுவது பற்றி. அதற்கு முன் ஒரு வழக்கு. சமரச அமர்வில் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது, அதனால் ஆளும் ஊரும் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். நிலம் ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. போர்வெல் இருக்கும் துண்டு தம்பிக்கு வந்தது. அங்கே போக அண்ணனின் வயலைத் தாண்ட வேண்டும். தம்பி பத்தடி வண்டிப்பாதை கேட்டார். அண்ணன் ஒரு அடிகூடத் தர முடியாது என்றார். ஊரில் பஞ்சாயத்து வைத்து, "ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுங்கப்பா" என்று ஐந்தடி சொல்லியிருக்கிறார்கள். ஐந்தடியில் டிராக்டர் போகாது. அண்ணனுக்கு ஐந்தடி நிலம் நஷ்டம், தம்பிக்கு ஒரு லாபமும் இல்லை. விட்டுக்கொடுப்பது என்றால் நடுவில் கோடு போடுவது என்று நினைக்கிற எல்லா இடத்திலும் இதுதான் நடக்கும்.

வழக்கு நீதிமன்றத்திலிருந்து எங்களிடம் வந்தது. முதல் இரண்டு அமர்வும் பாதையைப் பற்றியே பேசினோம், நகரவில்லை. மூன்றாவது அமர்வில் அண்ணனைத் தனியாக உட்காரவைத்து, பாதையை விட்டுவிட்டு, தம்பிக்கும் உங்களுக்கும் எப்போதிலிருந்து பேச்சு இல்லை என்று கேட்டேன். அவர் மடியில் ஒரு மஞ்சள் பை. பட்டா, சிட்டா, கிஸ்தி ரசீது எல்லாம் அதில் இருந்தது. அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். நாலு வருடம் பழையது, மடிப்பில் கிழிந்திருந்தது. தம்பி மகள் கல்யாணம். பெரியப்பாவான அவர் பெயர் தம்பியின் மச்சான்கள் பெயருக்கெல்லாம் கீழே, கடைசியில் இருந்தது. "இதுல என் பேரைத் தேடிக் கண்டுபிடிங்க சார்" என்றார்.

வழக்குக் கட்டில் ஒரு பத்திரிகை இருக்க எந்த அவசியமும் இல்லை. அவரைப் பொறுத்தவரை வழக்கே அதுதான்.

இதைத் தம்பியிடம் சொல்லலாமா என்று அவர் அனுமதி வாங்கிக்கொண்டு சொன்னேன். பத்திரிகையின் ஃப்ரூஃப் பார்த்தது மச்சான், தனக்கு அச்சாகி வந்த பிறகுதான் தெரியும், அதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டதாகச் சொன்னார் தம்பி. இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தபோது அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு "அது தப்புதான்ணே" என்றார். கட்டிப்பிடித்து அழுததெல்லாம் இல்லை. அரை மணி நேரத்தில் எட்டடிப் பாதை எழுதியானது. இன்றைக்கும் அவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. டிராக்டர் போகிறது.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொன்னேன் என்றால், குடும்பச் சொத்துச் சண்டையில் எப்போதும் இரண்டு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று சென்ட் கணக்கு, இன்னொன்று மனசுக்குள் இருக்கிற கணக்கு. அண்ணன் தன் மனக்கணக்கை சென்ட்டில் வசூலிக்கப் பார்க்கிறார். "எட்டு வருஷம் பார்த்தேன், அதனால் வீடு" என்பது அதுதான். நீங்கள் அதற்கு சென்ட்டில் பதில் சொல்கிறீர்கள். இரண்டையும் ஒரே உட்காரலில் பேசினால் இரண்டுமே தீராது. மனக்கணக்கு நேரில், வாயால் பேச வேண்டியது. சென்ட் கணக்கு காகிதத்தில் எழுத வேண்டியது. வேறு வேறு நாளில்.

அண்ணனிடம் போவதற்கு முன் உங்களிடமே இரண்டு விஷயம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

முதலில் தங்கச்சி. அண்ணன் சொல்வதில் உங்களுக்கு வசதியான ஒரே இடம் அது, அதனால்தான் அது நியாயமாகப் படுகிறது. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே சம பங்கு. 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. உங்கள் அப்பா கிரயம் வாங்கிய சொத்துக்கு அவற்றைத் தேடிப் போகவே வேண்டாம். கல்யாணத்துக்குப் போட்ட நகை பங்கில் கழியாது. அவர் பங்கு வேண்டாம் என்று சொன்னால் அது அவர் இஷ்டம், விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கலாம். ஆனால் அண்ணனும் நீங்களும் பேசி முடித்துவிட்டு, "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று அவரைக் கூப்பிட்டால், அவர் போட்டுவிட்டும் போகலாம். அதற்குப் பிறகு பொங்கல் வரிசை வாங்க வருவாரா என்பது சந்தேகம். மைத்துனரின் தூண்டுதலில் ஐந்து வருடம் கழித்து வழக்காகவும் வரலாம். எனவே முதல் போன் தங்கச்சிக்கு. உனக்கும் பங்கு உண்டு, நீ இல்லாமல் எதுவும் பேச மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல நீங்கள் கொஞ்சம் இழக்கிறீர்கள் என்பது அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் அதற்கு மதிப்பு.

இரண்டாவது அம்மா. உங்கள் நீண்ட கேள்வியில் அம்மாவுக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள், அதிலும் அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது மட்டும். அவருக்கும் நாலில் ஒரு பங்கு உண்டு. பாகப்பிரிவினைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இதை மறந்துவிட்டே வருகிறார்கள். அம்மா யாரோடு இருக்கிறாரோ அவர் பங்கோடு அம்மா பங்கும் சேர்ந்தது என்று ஒரு தரப்பு நினைக்கும், அம்மாவுக்கு எதற்குப் பங்கு என்று மறு தரப்பு நினைக்கும். அம்மாவை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று மட்டும். யாருக்குத் தரலாம் என்று கேட்காதீர்கள், அது அவரைப் பிள்ளைகளுக்கு நடுவே நிறுத்திவிடும்.

இப்போது சென்ட் கணக்கு. சந்தை மதிப்பு நீங்கள் எழுதவில்லை, கணக்கு எப்படி ஓடும் என்று காட்ட நானே ஒரு மதிப்பு வைக்கிறேன். வீடு 48 லட்சம். நிலம் சென்ட் 20,000 என்றால் 160 சென்ட்டுக்கு 32 லட்சம். மொத்தம் 80 லட்சம், நாலு பங்கு, ஆளுக்கு 20 லட்சம்.

அண்ணன் வீட்டைக் கேட்கிறார். அம்மாவும் அங்கேதான் இருக்கப்போகிறார் என்றால் அவர்கள் இரண்டு பேர் பங்கும் சேர்ந்து 40 லட்சம். வீடு 48. அப்படியானால் வீட்டை அவர்கள் வைத்துக்கொண்டு, நிலத்தை நீங்களும் தங்கச்சியும் எடுத்துக்கொண்டால், உங்கள் இருவருக்கும் தலைக்கு 16 லட்சம் வரும், 4 லட்சம் குறையும். அதாவது அண்ணன் உங்கள் இருவருக்கும் சேர்த்து 8 லட்சம் தர வேண்டும். நீங்கள் ஒரு வருடமாகப் பேசாமல் இருப்பது 80 லட்சத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்குப்படி சண்டை 8 லட்சத்துக்குத்தான்.

அதுவும் முழுதாக இல்லை. அப்பாவின் வைத்தியத்துக்கு அண்ணன் கையிலிருந்து செலவழித்திருப்பார். அது 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரும் சுமக்க வேண்டிய செலவு, தலைக்கு 75,000. நீங்களும் தங்கச்சியும் சேர்ந்து ஒன்றரை லட்சத்தை அதில் கழித்துவிட்டால் மீதி ஆறரை லட்சம். அதை ஒரே தவணையில் கேட்காமல் இரண்டு அறுவடையில், மூன்று அறுவடையில் தரட்டும். நிலத்தை இப்போது அண்ணன்தான் பார்க்கிறார் என்றால், உங்கள் பங்கையும் கொஞ்ச காலம் அவரே குத்தகைக்குப் பயிர் செய்யட்டும். சென்னையில் இருந்துகொண்டு எண்பது சென்ட்டில் நீங்கள் நடவு நடப்போவதில்லை.

வைத்தியச் செலவுக்கு ரசீது கேட்காதீர்கள். இது என் சொந்த அபிப்பிராயம், மற்ற வக்கீல்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆஸ்பத்திரி பில் வேண்டுமானால் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்ததற்கும் டயப்பர் வாங்கியதற்கும் யார் ரசீது வைத்திருப்பார்கள்? ஒரு தொகையை அவரையே சொல்லச் சொல்லி, அது கண்ணுக்குத் தெரிந்து அநியாயமாக இல்லாதவரை ஏற்றுக்கொள்ளுங்கள். பத்திரக் காகிதத்தில் தோற்றுப்போன மாதிரி இருக்கும். ஆனால் அதே இடத்தில்தான் மனக்கணக்கில் பெரும்பகுதி தீர்கிறது.

இந்தக் கணக்கை முதல் நாள் கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. முதல் நாள் வெறுங்கையோடு போங்கள்.

வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள், குடும்பக் குரூப்பில் கண்டிப்பாகக் கூடாது. அதில் எழுதும் ஒவ்வொரு வரியையும் இருபது பேர் படிக்கிறார்கள், அண்ணன் உங்களுக்குப் பதில் சொல்லாமல் அந்த இருபது பேருக்குப் பதில் சொல்வார். விசேஷ வீட்டில் பேசாதீர்கள். தீபாவளியன்று நடந்ததே போதும். சண்டைக்குரிய அந்த வீட்டுக் கூடத்திலும் வேண்டாம், அங்கே அவர் வீட்டுக்காரர், நீங்கள் விருந்தாளி. வயலுக்கு நடந்து போய்ப் பேசலாம். நேருக்கு நேர் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவதைவிட வரப்பில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டு பேசுவது அண்ணன் தம்பிகளுக்கு எளிது. இது நான் படித்ததல்ல, பார்த்தது. மனைவிமார் முதல் பேச்சில் வேண்டாம். உங்கள் மனைவி கெட்டவர் என்பதால் இல்லை, அவருக்கு முன்னால் நீங்களும் அண்ணிக்கு முன்னால் அண்ணனும் இறங்கி வர முடியாது என்பதால்.

என்ன சொல்வது? ஒரு மாதிரி எழுதுகிறேன், உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

"அண்ணே, அப்பாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டது நீங்களும் அண்ணியும்தான். மாசாமாசம் பணம் அனுப்பிட்டு நான் என் கடமை முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். இதை நான் வாயைத் திறந்து உங்ககிட்ட சொன்னதே இல்ல."

இவ்வளவுதான். இங்கே நிறுத்திவிட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இங்கே நிறுத்துவதில்லை. "ஆனா வீடு அப்பா சொத்துதானே" என்று அடுத்த மூச்சில் தொடர்ந்துவிடுவார்கள். அப்போது முன்னால் சொன்னது பேரத்துக்குப் போட்ட முன்பணம் ஆகிவிடுகிறது. நிறுத்திவிட்டு அவர் பேசட்டும் என்று இருங்கள். அவர் திட்டலாம். அப்பா கால் உடைந்து கிடந்தபோது நீங்கள் இரண்டு நாளில் டிக்கெட் இருக்கிறது என்று கிளம்பியதைச் சொல்லலாம். அது அப்படி நடக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றும், திருத்த நாக்கு துடிக்கும். திருத்தாதீர்கள். "அண்ணியைப் பத்தி யாருமே ஒரு வார்த்தை கேட்கல" என்று சொன்னால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையானவரைப் பார்த்த வீட்டில் வேலையில் பெரும்பகுதி மருமகள் தலையில்தான் விழுந்திருக்கும், பத்திரத்தில் அவர் பெயர் எங்கும் வராது. அன்று சாயந்திரம் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் அண்ணியிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். என் அனுபவத்தில் சொத்து வழக்குகள் முடிவது வராந்தாவில், ஆனால் முடிவு செய்யப்படுவது அடுப்படியில்.

அவர் பேசி முடித்ததும், கணக்கை இன்னொரு நாள் தங்கச்சியையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசுவோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். தேதி குறித்துக்கொண்டு வாருங்கள். தேதி இல்லாமல் வந்தால் அடுத்த தீபாவளிதான்.

கணக்குப் பேசும் நாளில் முதலில் நீங்களே ஒரு ஏற்பாட்டைச் சொல்லாமல், "வீட்டுக்கு என்ன விலை போட்டா சரிண்ணே?" என்று அவரிடம் கேளுங்கள். அவர் குறைவாகச் சொல்வார், தான் எடுத்துக்கொள்ளப்போவது என்பதால். அப்போது பழைய முறை ஒன்று உதவும். ஒருவர் பங்கு வைக்க, மற்றவர் எடுப்பது. மூத்தவர் பங்கு வைத்தால் இளையவருக்கு முதல் தேர்வு. "அந்த விலைக்கு வீட்டை நான் எடுத்துக்கிட்டாலும் சம்மதமா?" என்று கேட்டால் விலை தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும். மிரட்டலாக இல்லாமல், சிரித்துக்கொண்டு கேளுங்கள். நிலத்தைத் தங்கச்சியும் நீங்களும் பிரிக்கும்போது வாய்க்கால் பக்கம் யாருக்கு, மேட்டுப் பக்கம் யாருக்கு என்பதில் இழுபறி வந்தால், துண்டுகளைச் சமமாக மதிப்புப் போட்டுவிட்டுத் திருவுளச்சீட்டு எடுங்கள். அம்மனுக்கு முன் குழந்தை எடுத்துக் கொடுத்த சீட்டை மறுத்து வழக்குப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீங்களே பேசி முடியவில்லை என்றால் மூன்றாம் ஆள் வேண்டும். தாய்மாமனைக் கூப்பிடுவது நம் வழக்கம். நல்லதுதான், அவர் பெண்ணை உங்களில் ஒருவர் வீட்டில் கொடுத்திருக்காதவரை. ஊர்ப் பெரியவர்கள் பாதிக்குப் பாதி சொல்வார்கள், அதன் கதையை மேலே பார்த்தோம்.

சமரச மையம் எப்படிப்பட்டது என்று பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் சொல்கிறேன். வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு 2002-ல் நடைமுறைக்கு வந்தது. வக்கீல்கள் பலர் அப்போது இதை விரும்பவில்லை. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில்தான் 2005-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு எப்படி நடைமுறையாக வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அதே வருடம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்று நாட்டில் அதுதான் முதல். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதன் பின்னால் இருந்தார். இப்போது மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் மையம் உண்டு.

சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைப்பார், பிறகு தனித்தனியாகக் கேட்பார். தனியாகச் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் மறுபக்கம் சொல்லக்கூடாது. பேச்சு முறிந்தால் நீதிபதிக்கு 'தீரவில்லை' என்று மட்டும் அறிக்கை போகும், யார் முரண்டு பிடித்தார் என்று போகாது. அமர்வில் "சரி, எட்டு லட்சத்துக்குப் பதில் ஐந்து தர்றேன்" என்று அண்ணன் சொன்னதைப் பிறகு வழக்கில் அவருக்கு எதிராக எடுக்க முடியாது. அதனால்தான் அங்கே ஆட்கள் இறங்கிவந்து பேசுகிறார்கள். வழக்குப் போட்ட பிறகு சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பாமல் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் இது உண்டு என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன விவகாரம் ஒன்றில் 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்கே போடாமலும் இந்த வசதி உண்டு. உங்கள் ஊர் தாலுகா நீதிமன்றத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். அங்கே ஒரு மனு கொடுத்தால் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், ஒத்துவந்தால் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் முடித்துத் தருவார்கள். அந்த உத்தரவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. விவரம் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. அங்கிருந்து வரும் அழைப்புக் கடிதத்தில் "கெட்ட எண்ணத்துடன்" என்ற வரி இருக்காது.

இதெல்லாம் இல்லாமல் பாக வழக்கே போட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். நாலில் ஒன்று என்று வரும், அது இன்றைக்கே தெரிந்த விஷயம். அதற்குச் சில வருடம். பிறகு எந்தப் பகுதி யாருக்கு என்று பிரிக்க வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வருவார். நிலத்தைப் பிரித்துவிடலாம். வீட்டை நாலாக வெட்ட முடியாது. பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கிட 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அப்பா வாங்கிய வீடு ஏலத்துக்குப் போகும் அந்த நாளில் அம்மா எங்கே இருப்பார் என்று அண்ணனும் நீங்களும் யோசித்துப் பார்க்கலாம்.

ஒத்துவந்தால் அன்றே எழுதுங்கள். யாருக்கு எது என்று ஒரு கூர்சீட்டு. ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதைக் குறித்து வைக்கிற சீட்டுக்குப் பதிவு தேவையில்லை, ஆனால் அந்தக் காகிதத்தின் மூலமாகத்தான் பாகமே பிரிகிறது என்றால் பதிவு செய்தாக வேண்டும். இந்த நூலிழை வித்தியாசத்தை நம்பிப் பல குடும்பங்கள் மாட்டியிருக்கின்றன, அதனால் கூர்சீட்டோடு நிறுத்தாமல் பாகப்பிரிவினைப் பத்திரமாகவே பதிந்துவிடுங்கள். குடும்பத்துக்குள் பிரித்துக்கொள்வதற்குச் செலவு குறைவுதான். 2023 ஜூலையிலிருந்து ஒரு பங்குக்கு 1 சதவீத முத்திரைத் தீர்வை, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000.

அம்மாவின் பங்கை யார் பெயருக்கும் இப்போதே எழுதிவிட வேண்டாம். அவருக்கு ஆயுள் வரை அந்த வீட்டில் உரிமை என்று தனியாகத் தெரியும்படி இருக்கட்டும். தன் காலத்துக்குப் பிறகு அது அண்ணனுக்கே போகட்டும் என்று அவர் உயில் எழுதினால், அதைத் தடுக்கவும் நீங்கள் முயல வேண்டாம். எட்டு வருடத்துக்கு அம்மா கொடுக்கும் பதிலாக அது இருக்கலாம். இப்போதே செட்டில்மெண்ட் எழுதித் தருகிறேன் என்று அவரே பிடிவாதமாக நின்றால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்கத் தவறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் அதை நிரூபிப்பதே ஒரு தனி வழக்கு.

பத்திரத்தில் நான்கெல்லையும் சர்வே எண்ணும் எழுத்தர் எழுதிவிடுவார். அவர் எழுதாமல் விடுவது மோட்டார் கொட்டகை, மின் இணைப்பு யார் பெயரில், வாய்க்காலில் யார் முறை எந்தக் கிழமை, வரப்பில் நிற்கிற மூன்று தென்னையின் தேங்காய் யாருக்கு, நிலத்துக்குப் போகும் பாதை எத்தனை அடி. இதையெல்லாம் நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ச் சேர்க்கச் சொல்லுங்கள். அண்ணன் தரவேண்டிய பணத்துக்குத் தவணைத் தேதிகளும் அதிலேயே வரட்டும். பதிவு முடிந்ததும் நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்ற விண்ணப்பம் போட்டுவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எடுக்கும்போது காலை நேரமாகப் பாருங்கள், அம்மா அந்தப் பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்க வேண்டாம்.